நாற்பத்து நான்காவது பயணி

பயணிகள் பெட்டி வாங்கும்போது எல்லோரும் வெளி வண்ணத்தைத்தான் பார்க்கிறார்கள். நான் முதலில் பெட்டியைத் திருப்பி அடிப்பக்கத்தைப் பார்ப்பேன். பிரேக் குழாய், தண்ணீர்த் தொட்டி, பேட்டரிப் பெட்டி எல்லாம் தனித்தனியாகச் செய்து பொருத்தியிருக்கிறார்களா, இல்லை ஒரே பிளாஸ்டிக்கில் புடைப்பாக வார்த்துவிட்டு ஏமாற்றுகிறார்களா என்பது அங்கேதான் தெரியும். யாரும் பார்க்காத இடத்தில் ஒருவன் எப்படி வேலை செய்கிறான் என்பதை வைத்துத்தான் அவனை மதிக்க வேண்டும். பொம்மை ரயில் செய்பவனுக்கும் இது பொருந்தும்.

சுவரை ஏன் இடித்தீர்கள் என்று கேட்டீர்கள், சார். அதற்குத்தான் வருகிறேன். அதற்கு முதலில் பெட்டியின் நீளம் தெரிய வேண்டும்.

நான் அச்சகத்தில் பிழை திருத்துபவன். இருபத்தோரு வருடமாகப் பாடப்புத்தகம், மருந்துக் குறிப்பு, இரங்கல் செய்தி என்று எல்லாவற்றையும் திருத்தியிருக்கிறேன். என் கையைத் தாண்டி ஒரு கால்புள்ளி தப்பிப் போனதில்லை. வீட்டு மாடியில் ஏழடி அகலத்தில் ஓர் அறை எனக்கு இருந்தது. அதில் மேசை போட்டு, ஒரு ஸ்டேஷன், ஒரு குகை, ஒரு பாலம் கட்டி ரயில் விட்டுக்கொண்டிருந்தேன். அசலில் எண்பத்தேழில் ஒரு பங்கு. எல்லாம் அளவோடு இருந்தது, பெட்டிகளைத் தவிர. சின்ன வளைவில் திரும்ப வேண்டும் என்பதற்காகப் பொம்மைப் பெட்டிகளின் நீளத்தைக் குறைத்துவிடுவார்கள். பதினொரு ஜன்னல் இருக்க வேண்டிய பக்கத்தில் எட்டுதான் இருக்கும். பகலெல்லாம் விட்டுப்போன எழுத்தைத் தேடிப் பிடிப்பவன், மாலையில் வீட்டுக்கு வந்து மூன்று ஜன்னல் விட்டுப்போன ரயிலைப் பார்த்துக்கொண்டு எப்படி உட்கார்ந்திருப்பான்?

ஆகவே முழு நீளப் பெட்டிகள் நான்கு வாங்கினேன். தேர்ந்தெடுக்க எட்டு மாதம் ஆயிற்று. கல்யாணத்துக்கு நான் இவ்வளவு யோசிக்கவில்லை என்று என் மனைவி பலரிடம் சொல்லியிருக்கிறாள். அது உண்மை. கல்யாணத்தில் ஒப்பிட்டுப் பார்க்க நான்கு மாடல் கிடையாது. இந்தப் பெட்டிகளில் சாமான் தட்டுகூட வலையோடு இருக்கும். கழிப்பறைக் கதவில் ஆள் உள்ளே இருப்பதைக் காட்டும் சிவப்புக் குறிகூட உண்டு. பயணிகளை மட்டும் நாமே வாங்கி, வண்ணம் பூசி, உட்காரவைக்க வேண்டும். உட்கார்ந்தால் சுண்டுவிரல் நகம் உயரம். பூதக்கண்ணாடியை வைத்துக்கொண்டு நாற்பத்து நான்கு பேருக்கு மூஞ்சி எழுதினேன்.

பெட்டியோடு ஒரு துண்டுச்சீட்டு வந்தது. குறைந்தபட்ச வளைவு என்று போட்டு, ஒரு பூஜ்யம், அதன் குறுக்கே ஒரு கோடு, பிறகு 120 செ.மீ. பூஜ்யம் தவறி விழுந்திருக்கிறது, கோடு போட்டு அடித்திருக்கிறார்கள் என்று புரிந்துகொண்டேன். நானாக இருந்தாலும் அப்படித்தான் அடித்திருப்பேன். அந்தக் கம்பெனிமேல் எனக்குக் கொஞ்சம் மரியாதையே வந்தது. வளைவு என்றால் நாங்கள் ஆரத்தைத்தான் சொல்வோம். நடுப்புள்ளியிலிருந்து தண்டவாளம் வரை நூற்றிருபது. அப்படியென்றால் ரயில் ஒரு சுற்றுத் திரும்ப எட்டடி வேண்டும். என்னிடம் இருந்தது ஏழு.

எட்டாவது அடி சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தது. அங்கே அண்ணன் இருந்தார்.

அண்ணனைப் பற்றிச் சொல்ல வேண்டும். முப்பது வருடம் டிக்கெட் பரிசோதகர். என்னைவிடப் பன்னிரண்டு வயது பெரியவர். அண்ணி போன பிறகு மாடியில் தனியாக இருந்தார். சாப்பாடு எங்களோடு. அவருக்கு ஒரே மகள், வேறு ஊரில் வேலை. வீடு அப்பா எங்கள் இருவருக்கும் விட்டுப்போனது. அச்சகத்தில் சேர்ந்த நாளிலிருந்து என்னைக் ‘கமா’ என்றுதான் கூப்பிடுவார். நான் இருக்கும் இடத்தில் எதுவும் முடியாதாம், கொஞ்சம் நின்றுவிட்டுத் திரும்பத் தொடங்குமாம்.

ஒருநாள் சுவர் எவ்வளவு கனம் என்று தட்டிப் பார்த்துக்கொண்டிருந்தேன். அந்தப் பக்கத்திலிருந்து பதிலுக்குத் தட்டினார்.

“டேய் கமா, கதவு இந்தப் பக்கம்டா.”

போய், விஷயத்தைச் சொன்னேன். சுவரை எடுத்துவிட்டால் அவர் கீழே கூடத்தை ஒட்டிய அறைக்கு வந்துவிடலாம் என்றேன். அது துணி காயப்போடும் அறை. ஆனால் காற்றோட்டமானது.

“முப்பது வருஷம் ஓடுற ரூம்லயே குடித்தனம் பண்ணிட்டேன்டா,” என்றார். “இனிமே நிக்கிற ரூம்தான். உன் ரயிலுக்காக நான் எறங்கணுமா? சங்கிலியப் புடிச்சு இழுத்துருவேன், பாத்துக்கோ.”

சொல்லிவிட்டுச் சிரித்தார். நானும் சிரித்தேன். நான் கேட்கவே இல்லை என்று அண்ணன் மகள் சொல்லியிருப்பாள். ஒருமுறை கேட்டேன் என்பதைப் பதிவு செய்துகொள்ளுங்கள்.

புதுப் பெட்டிகள் ஸ்டேஷனில், நேரான தண்டவாளத்தில், விளக்கெரிய நின்றிருந்தன. தினமும் மாலை அண்ணன் டீ டம்ளரோடு வந்து நிற்பார். குனிந்து, ஜன்னல் ஜன்னலாக, தலைகளை எண்ணுவார். கை பழகியவன் சீட்டுக் குலுக்குவதைப் போல அவர் எண்ணுவது, உதடு அசையாது. “நாப்பத்தி நாலு. வண்டிய எடுக்கலாம்,” என்பார். ஒவ்வொருவருக்கும் பேர் வைத்திருந்தார். தூங்குமூஞ்சி. பேப்பர் மாமா. சண்டைக்காரத் தம்பதி. மூன்றாவது பெட்டியில் சிவப்புக் குடையை மடியில் வைத்துக்கொண்டு ஒருத்தி இருந்தாள். அவள் குடைக்காரி.

“இவ டிக்கெட் எடுக்கலடா.”

“எப்படிண்ணா சொல்றீங்க?”

“டிக்கெட் எடுத்தவன் என்னப் பாப்பான். எடுக்காதவன் ஜன்னலப் பாப்பான். இவளப் பாரு, நான் வந்து நின்னதும் ஊரையே ரசிக்கிறா.”

அண்ணனுக்குக் கண்ணாடி வேண்டும், முழங்கால் வலி உண்டு, காது கொஞ்சம் மந்தம். எண்ணிக்கை மட்டும் தப்பாது. அதில்தான் அவர் நிமிர்ந்து நின்றார் என்று சொல்லலாம். ஒரு கட்டடத்தை இறக்க வேண்டுமென்றால் எந்தத் தூண் என்று பார்ப்பார்கள் இல்லையா, அதுபோலத்தான் நானும் பார்த்தேன்.

ஒரு காலையில் வேலைக்குக் கிளம்பும் முன் பெட்டியின் கூரையைக் கழற்றிக் குடைக்காரியை எடுத்து என் மூக்குக்கண்ணாடிக் கூட்டில் போட்டுக்கொண்டேன். மாலை அண்ணன் வந்தார். எண்ணினார். திரும்ப எண்ணினார்.

“ஒண்ணு கொறையுதே. குடைக்காரி எங்கடா?”

“எந்தக் குடைக்காரிண்ணா?”

அவ்வளவுதான், சார். நான் சொன்னது ஒரு கேள்வி. பொய்கூட இல்லை.

அவர் விளக்கினார். சிவப்புக் குடை, ஜன்னல் ஓரம், டிக்கெட் இல்லாதவள். நான் பொறுமையாகக் கேட்டுக்கொண்டேன். நாற்பத்து மூன்று பேர்தான் வாங்கினேன் என்றேன். மறுநாள் காலை அவளைத் திரும்ப உட்காரவைத்தேன். மாலை அவர் என் மனைவியைக் கையைப் பிடிக்காத குறையாக மேலே கூட்டிவந்தார்.

“பாரும்மா, வந்துட்டா! நேத்து இல்ல, இன்னிக்கு இருக்கா.”

என் மனைவி பெட்டியைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள். “நேத்தும் இருந்தாளே அண்ணா,” என்றேன். அவளுக்கு அந்த ரயிலில் எத்தனை பேர் என்றும் தெரியாது, ஏன் என்றும் தெரியாது. அன்று கீழே வந்ததும், “உங்க அண்ணனுக்கு வயசாயிடுச்சுங்க,” என்றாள். அந்த வாக்கியத்தை நான் எழுதிக் கொடுக்கவில்லை. அவளாகவே சொன்னாள்.

பிறகு வாரத்துக்கு இரண்டு நாள், சில வாரம் மூன்று நாள். எப்போதும் அவளையேதான். வேறு யாரையும் தொடவில்லை. ஒரே பிழை திரும்பத் திரும்ப வந்தால்தான் எழுதியவர்மேல் சந்தேகம் வரும். பலவிதமாக வந்தால் அச்சுக்கோத்தவன்மேல் போகும்.

அண்ணன் சும்மா விடவில்லை. சட்டைப்பை நோட்டில் தேதி போட்டு எண்ணிக்கையை எழுத ஆரம்பித்தார், பழைய உத்தியோகப் பழக்கம். குளிக்கப் போகும்போது சட்டை ஆணியில் தொங்கும். அவள் இல்லாத நாட்களில் அவர் 43 என்று எழுதியிருப்பார். 3-ஐ 8 ஆக்க இரண்டு சின்ன வளைவு போதும், சார். அதே நீல மை, அதே அழுத்தம். என் தொழிலில் தவறான எண்ணைச் சரியாக்குவோம். இது அதே வேலை, திசை மட்டும் வேறு.

நோட்டைப் பார்த்து அவர் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். “நாப்பத்தெட்டா? நானா எழுதினேன்?” என்று கேட்டார். அவருக்குத் தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தேன். நான்கு மாதத்தில் அவர் டீ டம்ளரை எங்கே வைத்தோம் என்று தேட ஆரம்பித்தார். சட்டைப் பொத்தானை இரண்டு முறை சரிபார்த்தார். மாடிப்படியை எண்ணிக்கொண்டே ஏறினார், பாதியில் நின்று, இறங்கி, முதலிலிருந்து ஏறினார். இதெல்லாம் நான் செய்ததல்ல. நான் எடுத்தது ஒரே ஒரு ஆளை. மற்றதை அவரே கழற்றிக்கொண்டார்.

மகளுக்குப் போன் செய்தது நான்தான். கவலைப்படும் சித்தப்பாவாகப் பேசினேன், கவலையும் இருந்தது. அவள் வந்தாள். எல்லோரும் மேசையைச் சுற்றி நின்றோம். அன்று குடைக்காரி கண்ணாடிக் கூட்டில் இருந்தாள். அண்ணன் மகளிடம் அவள் முகம், குடை, அவள் ஜன்னலைப் பார்க்கும் விதம் எல்லாம் சொன்னார். சொல்லச் சொல்ல மகளுக்குக் கண் கலங்கியது. திடீரென்று அவர் என் பக்கம் திரும்பினார்.

“டேய் கமா, இத மட்டும் கேளு. பெட்டி விக்கிற கடைக்குப் போன் போட்டுக் கேட்டேன். அந்த நூத்தி இருபது இந்தக் கோடியிலேர்ந்து அந்தக் கோடிக்கு அளவாம். முழு வட்டத்துக்குக் குறுக்களவு. பாதி இல்ல. உன் ரூமே தாராளம்டா. செவுத்த இடிக்க வேண்டாம்.”

மகள் என்னைப் பார்த்தாள். நான் மெதுவாகத் தலையசைத்தேன்.

“அப்பா இப்பல்லாம் ஏதேதோ நம்பர் சொல்றாரும்மா. பாவம்.”

நடிக்கவில்லை, சார். உண்மையாகவே நம்பவில்லை. அந்தச் சமயத்தில் அவர் சொல்லும் எண்ணை யார் நம்புவார்கள்?

அடுத்த வாரம் அவரை முதியோர் இல்லத்தில் சேர்த்தோம். நல்ல இடம். பின்பக்கம் புல்வெளி, ஒரு பெஞ்சு, கம்பி வேலி, வேலிக்கு அந்தப் பக்கம் ரயில் பாதை. அவருக்குப் பிடிக்கும் என்று நான்தான் தேர்ந்தெடுத்தேன். சேர்த்த மறுநாள் சுவரை இடித்தேன். செங்கல் சுவர்தான், ஒன்றரை நாளில் முடிந்தது. நூற்றிருபது ஆரத்தில் தண்டவாளம் போட்டேன். அவர் கட்டில் இருந்த இடத்தில்தான் பெட்டிகள் திரும்பும். பதினொரு ஜன்னலும் வரிசையாக ஒளிவிட்டுக்கொண்டு வளையும்போது எப்படி இருக்கும் தெரியுமா? நீங்கள் வீட்டைச் சோதனை போட்டபோது சுவிட்சைப் போட்டுப் பார்த்திருக்கலாம்.

ஏழாவது வாரம் இல்லத்து டாக்டர் கூப்பிட்டார். அண்ணனுக்கு ஒன்றும் இல்லை என்றார். தினமும் நான்கு மணி ரயிலின் பெட்டிகளை எண்ணுகிறாராம், மாத்திரை வேளை எதையும் மறப்பதில்லையாம், சீட்டாட்டத்தில் அவரோடு உட்கார ஆள் பயப்படுகிறார்களாம். மறுநாளே அழைத்துப் போகலாம், ஒரு கையெழுத்துப் போட வாருங்கள் என்றார். ஞாயிற்றுக்கிழமை போனேன்.

கண்ணாடிக் கூட்டில் குடைக்காரி இருந்தாள். எடுத்து எடுத்து வைத்ததில் குடையின் சிவப்பு உரிந்துவிட்டது, போகும் வழியில் பெயின்ட் கடை. பெஞ்சில் அண்ணன் பக்கத்தில் உட்கார்ந்து, படிவத்தைப் படிக்கக் கூட்டைத் திறந்தேன். படிக்காமல் நான் எதிலும் கையெழுத்துப் போடுவதில்லை. அவள் உருண்டு அவர் மடியில் விழுந்தாள்.

அண்ணன் அவளை இரண்டு விரலால் எடுத்தார். வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கோபப்படுவார் என்று எதிர்பார்த்தேன். அவர் சிரித்தார், சார். கண்ணிலிருந்து தண்ணீர் வழிய வழியச் சிரித்தார்.

“இருக்காடா. இவ இருக்கா. அப்ப என் கணக்கு சரிதான்.” அவளை உள்ளங்கையில் வைத்து என் முன்னே நீட்டினார். “ஏன் செஞ்சேன்னு கேக்க மாட்டேன். அந்த ரூமையும் நீயே வச்சுக்கோ, துணி காயப்போடுற எடத்துல படுத்துக்கறேன். ஆமான்னு ஒரு வார்த்த சொல்லிருடா கமா. எனக்கு ஒண்ணுமில்லன்னு எனக்குத் தெரிஞ்சாப் போதும்.”

அறை கிடைத்துவிட்டதே, பிறகு ஏன் என்று நீங்கள் காலையிலிருந்து மூன்று முறை கேட்டுவிட்டீர்கள். அச்சகத்தில் வேலை செய்தவர்களுக்கு இது புரியும். ஒரு பக்கத்தில் ஒரு பிழையை ஒப்புக்கொண்டால், முழுப் புத்தகத்தையும் முதலிலிருந்து படிக்கச் சொல்வார்கள்.

நான் அவர் உள்ளங்கையை நன்றாகப் பார்த்தேன். பிறகு அவர் முகத்தைப் பார்த்தேன்.

“கையில என்னண்ணா? ஒண்ணும் இல்லையே.”

அவர் புல்வெளிக்கு அந்தப் பக்கம் துணி மடித்துக்கொண்டிருந்த ஆயாவை நோக்கிக் கையை உயர்த்திக் காட்டினார். “அம்மா, இதுல என்ன இருக்கு, சொல்லுங்க.” அந்த அம்மா அங்கிருந்தே பார்த்து, “ஒண்ணுமில்லையே பெரியவரே, வெயிலா இருக்கு, உள்ள வாங்க,” என்றாள். இருபதடி தூரத்தில் நகம் அளவு பொம்மை தெரியாது. அவள்மேல் தப்பில்லை.

அண்ணன் கையை மூடிக்கொண்டார். மணி நான்காகப் பத்து நிமிடம் இருந்தது. நான் எழுந்தேன்.

“எட்ட நின்னு எண்ணினா தப்பாத்தான் வரும்ணா,” என்றேன். “பெட்டிய மட்டும் எண்ணினா யாருக்கும் வரும். கிட்டப் போய் ஆளுங்கள எண்ணிப் பாருங்க. அதுல தெரிஞ்சுரும்.”

வேலியில் சின்னக் கதவு ஒன்று உண்டு. அது ஸ்டேஷனுக்குக் குறுக்குவழி, நான் அதில்தான் போனேன். தாழ்ப்பாள் உள்பக்கம். வெளியே போனவன் அதைப் போட முடியாது. சுற்றிப் போயிருக்கலாம். தெரிந்துதான் போனேன். கதவை ஒருக்களித்து வைக்கவில்லை, நன்றாகத் திறந்து வைத்துவிட்டுப் போனேன். இதையும் சேர்த்து எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள்.

நான்கு மணி ரயிலில்தான் நானும் ஏறினேன். மூன்றாவது பெட்டி, ஜன்னல் இருக்கை. வண்டி கிளம்பி வேகம் எடுக்கும்போது அவரைப் பார்த்தேன். வேலியைத் தாண்டி, கற்களின்மேல், தண்டவாளத்துக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். ஒரு கை மூடியிருந்தது. உதடு அசைந்தது. முன்பெல்லாம் அசையாது. என்னையும் எண்ணியிருப்பார் என்றுதான் நினைக்கிறேன். எங்கள் பெட்டி கடந்த பிறகுதான் அவர் இன்னும் ஒரு எட்டு முன்னால் வைத்திருக்க வேண்டும். எஞ்சின் டிரைவர்மேல் எந்தத் தவறும் இல்லை.

ரயில் நாற்பது நிமிடம் நின்றது. எல்லோரும் இறங்கி ஓடினார்கள். பெட்டி காலியாக இருந்ததால் உட்புறத்தை நிதானமாகப் பார்க்க முடிந்தது. இருக்கைகளின் நீலம் நான் பூசியதைவிட ஒரு சாயல் கருமை. வீட்டுக்குப் போனதும் திருத்தினேன்.

எழுத்தர் வாக்குமூலத்தைக் காட்டினார். படித்தேன். நல்ல கையெழுத்து. இரண்டு இடத்தில் ஒற்று விட்டிருந்தது, போட்டுவிட்டேன். ‘அண்ணனைக் கொன்றேன்’ என்ற வரியில் திருத்தம் எதுவும் இல்லை, அப்படியே இருக்கட்டும். மொத்தப் பயணிகள் நாற்பத்து மூன்று என்று எழுதியிருக்கிறார், அதை நாற்பத்து நான்கு என்று மாற்றினேன். அவர் கையிலிருந்து எடுத்ததைக் கவரில் போட்டு முத்திரை வைத்திருக்கிறீர்களே, அவளோடு சேர்த்துத்தான் நாற்பத்து நான்கு. வழக்கு முடிந்ததும் திருப்பிக் கொடுப்பீர்களா? மூன்றாவது பெட்டியில் ஓர் இடம் காலியாகத் தெரிகிறது.

இன்னொன்று. காரியமெல்லாம் முடிந்த மறுவாரம் ரயில் பெட்டி விற்ற கடைக்காரர் போன் செய்தார். உங்கள் அண்ணன் ஒருமுறை குறுக்களவு பற்றி விசாரித்தாரே, வண்டி இப்போது நன்றாகத் திரும்புகிறதா என்று கேட்டார். துண்டுச்சீட்டை எடுத்துப் பார்த்தேன். பூஜ்யத்தின் குறுக்கே கோடு போட்டிருந்தால் அது விட்டத்துக்கு அடையாளமாம். அடித்தல் இல்லையாம். பழைய அறையிலேயே, சுவரைத் தொடாமல், வண்டி ஓடியிருக்கும்.

அண்ணன் அதைச் சொன்னார்தான். கடைசிக் காலத்தில் அவர் சொன்ன எண்களில் அது ஒன்றுதான் சரி. பாவம், மற்றதையெல்லாம் தப்பாகவே எண்ணிக்கொண்டிருந்தார்.